முதல் கவளம்

அக்டோபர் 4

இன்று மதியம் ஆரம்பித்தேன். பியூலாவின் ரசத்தில், டாக்டர் சொன்ன அளவு. நிறம் இல்லை, வாசனை இல்லை. விரலில் ஒரு சொட்டு தொட்டு நானே நக்கிப் பார்த்தேன். லேசான கசப்பு. புளியும் மிளகும் சேர்ந்தால் அது தெரியாது. அவள் மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

தினமும் எப்படி இருக்கிறாள் என்று எழுதிவைக்கச் சொன்னார் டாக்டர் செண்பகம். உப்புக் கம்பெனியில் எங்களுக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. இனி இதில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கொஞ்ச மாதங்களாக என் மனைவிக்கு ஒரே நினைப்பு. என் அக்கா சுகிர்தம் புட்டுக்குள் இடுமருந்து வைத்துக் கொடுத்துவிட்டாளாம். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு அவளோடு பேசுகிறதாம். தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபது வருஷம் உட்கார்ந்தவள், லீவு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துச் சண்டை போடுகிறாள். சபையில் யாருக்கும் தெரியாமல், இடுமருந்து எடுக்கிற ஒரு பெண்பிள்ளையிடம் கூட்டிப்போனேன். எதையோ குடிக்கவைத்து வாந்தி எடுக்கவிட்டு, கறுப்பாக ஒரு உருண்டையைக் காட்டி, "பாத்தியா, எடுத்துட்டேன்" என்றாள் அவள். அவ்வளவுதான். "அப்ப நான் சொன்னது நெசந்தானே?" என்று பியூலா பிடித்துக்கொண்டாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாத்திரை கொடுத்தால் துப்பிவிடுகிறாள். ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்க மாட்டேன் என்கிறாள். கடைசியில், அரை மனதோடுதான் டாக்டர் இந்தச் சொட்டுக்குச் சம்மதித்தார். "இது முறை இல்ல சார். அவங்க கொஞ்சம் தெளியுற வரைக்கும்தான். தெளிஞ்சதும் நீங்களே உங்க வாயால சொல்லிடணும். வேற யார் மூலமாவும் தெரியக் கூடாது" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் கையால் சமைத்ததை மட்டும்தான் இப்போது சாப்பிடுகிறாள். "உங்க கை ஒண்ணத்தான் நம்புதேன்" என்கிறாள். அதனால்தான் இந்தக் காரியம் நடக்கிறது. எழுதிவிட்டுப் படித்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 10

மாற்றம் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றாள். நெத்திலி பொரித்தேன்.

அக்டோபர் 23

நேற்று நன்றாகத் தூங்கினாள். இன்று காலையில் அவளே தலை பின்னிக்கொண்டு, "என் கவுண்டர்ல இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டாள். மணியார்டரைத் தப்பாகக் கட்டிவிடுவார்களோ என்று கவலையாம். இந்தக் கவலைக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! அடுப்படிக்குள் போய்ச் சத்தம் வராமல் அழுதேன்.

நவம்பர் 3

"சுகிர்தம் மைனி ஏன் இந்தப் பக்கமே வரல? நான் ஏதும் ஏசிட்டேனா?" என்று கேட்டாள். ஏசியது ஊருக்கே தெரியும். இல்லை என்றேன். அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் மறுமுனையில் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தெளிந்துவிட்டாள். இனி சொல்லிவிட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 9

சொல்லவில்லை. மழை.

நவம்பர் 12

இன்று எனக்குக் கோபம்.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து சமையல் நான், சாப்பாடு அவள். அவள் சுடுதண்ணீர் வைத்தாலும் அடிபிடிக்கும். ஆனால் சாப்பிடத் தெரிந்தவள். முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு "ம்ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அந்தச் சத்தம் நீண்டால் எனக்குப் பாஸ் மார்க். வராவிட்டால் அர்ச்சனை. "மல்லி ஒரு கை கூடிட்டு. புளிய யாரு இப்படிக் கரைக்கச் சொன்னா? ஆபீஸ்ல யாரு மேலயோ உள்ள கோவத்தக் கொழம்புல காட்டாதீங்க." மீன் தலையைக் கடைசிவரைக்கும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்து, என்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உறிஞ்சித் தீர்ப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுச் சத்தமெல்லாம் சாப்பாட்டு மேசையில்தான்.

இன்று விலையைப் பார்க்காமல் சீலா மீன் வாங்கி, தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு வைத்தேன். பியூலா சாப்பிட்டாள். ஆபீஸில் தபாலுக்கு முத்திரை குத்துவதுபோலச் சாப்பிட்டாள். தலையைத் தொடவே இல்லை.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"இன்னொரு துண்டு?"

"வச்சா சாப்பிடுதேன்."

வைத்தேன். சாப்பிட்டாள். முப்பது வருஷமாகச் சமைக்கிறேன், இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை.

நவம்பர் 13

ரசத்தில் வேண்டுமென்றே உப்புப் போடவில்லை. குடித்துவிட்டாள். பொறுக்க முடியாமல், "உப்பு சரியா இருக்கா?" என்றேன். "இல்லையே, உப்பே போடலையே" என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "சொல்லணும்னு தோணல" என்றாள்.

நாக்கு செத்திருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

நவம்பர் 21

ஆபீஸில் பெர்மிஷன் போட்டுவிட்டு டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். சீலா மீனையும் உப்பில்லாத ரசத்தையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"நாக்குல கோளாறு இல்ல சார். இனிப்பு, புளிப்பு, உப்பு எல்லாம் அவங்களுக்குத் தெரியும். 'ஆகா, இன்னொரு வாய்'னு தூண்டுற வேலையில மூளையில டோபமைன்னு ஒரு பொருளுக்குப் பங்கு இருக்கு. இவங்களுக்கு இல்லாத குரலெல்லாம் பெருசாக் கேட்டதுலயும் அதுக்குப் பங்கு இருக்கு. இந்த மருந்து அதை அடக்குது. ரேடியோவுல இரைச்சல் தாங்கலன்னு சத்தத்தைக் குறைக்கிறோம். பாட்டும் சேந்து குறைஞ்சிருது. எல்லாருக்கும் இப்படி ஆகுறதில்ல. சிலருக்கு ஆகும். நோயே ஆசையைக் குறைக்கிறதும் உண்டு. எதுனாலன்னு அவங்களைப் பாத்துப் பேசினாத்தான் சொல்ல முடியும்."

"சரி பண்ண முடியாதா?"

"அளவைக் குறைச்சுப் பாக்கலாம். வேற மருந்து மாத்திப் பாக்கலாம். வழி இருக்கு. ஆனா நானே கண்ணால பாத்து, கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாச் செய்யணும். அவங்க இங்க வரணும். சொல்லிட்டீங்களா?"

"கிறிஸ்துமஸ் முடியட்டும்னு..."

"நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க" என்றார். நான் ஒன்றுமே சொல்லாதபோது இதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

டிசம்பர் 1

எப்படிச் சொல்வது? 'உன் சாப்பாட்டில் யாரோ கலக்கிறார்கள் என்று நீ பயந்தாயே, அதற்கு வைத்தியமாக நான்தான் கலந்தேன்' என்றா? சொல்லிப் பார்த்தேன், அடுப்படியில், யாரும் இல்லாதபோது. பாதியில் வாய் கோணிக்கொண்டது.

டிசம்பர் 3

இன்று ஆபீஸுக்கு அவசரம். சொட்டு விட மறந்துவிட்டது.

டிசம்பர் 5

பாட்டிலில் இன்னும் இருக்கிறது. ஆனாலும் மறதி. வயசாகிறது.

டிசம்பர் 15

இன்று சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வளையல் சத்தம். பியூலா வாசலில் நின்று மூக்கை விரித்து இழுக்கிறாள்.

"சட்டியிலேருந்து நேரா ஒண்ணு எடுத்துக் கையில வைங்க."

"சுடும்டி."

"சுடட்டும்."

ஊதி ஊதித் தின்றாள். கண் மூடியது. "ம்ம்" வந்தது! நீளமாக வந்தது. எண்ணெய்ச் சட்டி கருகியது, கருகட்டும் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 18

மக்ரூன் கேட்டாள். வாங்கி வந்தேன். "முந்திரிய கண்ணுல காட்டுனதோட சரி, இதுக்குப் பேரு மக்ரூனா?" என்று கடைக்காரனைக் கிழித்தாள். அவள் ஏச ஏச எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மாத்திரை மருந்தெல்லாம் எல்லாருக்கும் ஆயுசுக்கும் வேண்டியதில்லை. இவள் குணமாகிவிட்டாள். கண்ணால் பார்க்கிறேனே, வேறு என்ன அத்தாட்சி?

டாக்டர் போன் செய்தார். நான் எடுக்கவில்லை. கேக்குக்கு மாவு கலந்துகொண்டிருந்தேன்.

டிசம்பர் 25

கிறிஸ்து பிறந்த நாள். ஆட்டுக்கறி பிரியாணி. சுகிர்தம் அக்காவும் வந்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் பியூலா தன் தட்டிலிருந்து ஒரு கவளம் உருட்டி, "முதல்ல நீங்க" என்று என் வாயில் ஊட்டிவிட்டாள். அக்கா முன்னாலேயே! கல்யாணப் பந்தியில்கூட அவள் இப்படிச் செய்ததில்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நான் விழுங்கும்வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிட்டாள்.

அக்கா ஏனோ சரியாகச் சாப்பிடவில்லை. போகும்போது வாசலில், "தம்பி, அவள டாக்டர்ட்ட காட்டுதியா?" என்றாள். பொறாமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தோஷமான நாளில் கேட்கிற கேள்வியா அது?

டிசம்பர் 29

இப்போதெல்லாம் ஒவ்வொரு வேளையும் முதல் கவளம் எனக்குத்தான். குழம்பில் ஒரு வாய், பொரியலில் ஒரு வாய், மோரில் ஒரு மடக்கு. ஒன்றுவிடாமல் ஊட்டுகிறாள். இந்த வயசில் இப்படி ஒரு கொடுப்பினை.

ஜனவரி 2

அடுப்படியில் என் பக்கத்திலேயே நிற்கிறாள். புதுப் பெண்டாட்டி மாதிரி. எனக்கு உதவி வேண்டாம் என்றாலும் நகர்வதில்லை. தட்டை இரண்டு தரம் கழுவுகிறாள். சுத்தம் நல்லதுதான். குடிதண்ணீர்க் குடத்தைப் படுக்கையறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். ஈ மொய்க்கிறதாம்.

ஜனவரி 6

அக்கா கொடுத்துவிட்ட அதிரசத்தையெல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டு, சாக்கடையைப் பார்த்து, "நீயே தின்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சரி. எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் அன்றைக்கே தெரியும். ஊட்டிவிட்டு என் முகத்தை அவள் பார்த்த பார்வை ஆசை இல்லை. நான் சாகிறேனா என்று பார்த்தாள். தெரிந்தும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். மறதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த "ம்ம்"முக்காகத்தான் சொட்டை நிறுத்தினேன்.

நாளையிலிருந்து மறுபடியும் கொடுக்க வேண்டும். எப்படி? அடுப்படியை விட்டு நகர மாட்டேன் என்கிறாளே. டாக்டரிடம் போகலாம். போனால் நிறுத்தியதைச் சொல்ல வேண்டிவரும்.

ஜனவரி 8

வழி கிடைத்தது. எழுதக் கை கூசுகிறது.

மேசையில் எல்லாம் வைத்தாகிவிட்டது. முதல் கவளம் எனக்கு ஊட்டியும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இப்போதெல்லாம் ஜெபம். ஜெபம் நான்தான் பண்ணுவது வழக்கம். எந்தப் பயத்திலும் பியூலா ஜெபத்தில் கண்ணைத் திறக்க மாட்டாள், சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்கு அப்படிப் பழக்கம். "ஆண்டவரே, இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும்" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். "இல்லாதவர்களையும் நினைத்தருளும்" என்பதற்குள் முடிந்துவிட்டது.

"ஆமென்" என்றாள் அவள்.

ஜனவரி 9

அப்படியே. ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டினேன். "இன்னைக்கு நல்லா ஜெபம் பண்ணுனீய" என்றாள்.

ஜனவரி 11

பார்த்துவிட்டாள்.

எதற்காகக் கண்ணைத் திறந்தாள் என்று தெரியவில்லை. என் குரல் பிசகியிருக்கலாம். நான் நிமிர்ந்தபோது என் கை அவள் ரசத்துக்கு மேல் இருந்தது. அவள் என் கையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நீங்களா?" என்றாள்.

"பியூலா, இது டாக்டர் கொடுத்தது. உனக்கு நல்லதுக்கு..."

"எத்தன நாளா?"

அக்டோபரிலிருந்து என்றேன். நடுவில் நிறுத்தியதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கொட்டினேன். ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் சொன்னது நெசந்தானே?" என்றாள். "ஆள மட்டும்தான் மாத்திச் சொல்லிட்டேன். மைனியப் போயி..." பிறகுதான் அழுதாள். பயத்தில் அழும்போதெல்லாம் என் தோளில்தான் வந்து சாய்வாள். இன்று சுவரில் சாய்ந்து அழுதாள்.

ஜனவரி 13

இரண்டு நாளாகப் பிஸ்கட்தான். அதுவும் பிரிக்காத பாக்கெட். நான் வாங்கி வந்ததைத் தொடவில்லை, அவளே கடைக்குப் போய் வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 14

சுகிர்தம் அக்கா வந்தாள். பியூலா நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மைனி, நீங்க ஒண்ணும் கலக்கலயே. உங்கள அநியாயமா ஏசிட்டேன். என்னக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா இறந்த அன்றைக்குக்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பியூலா ஒரு பையோடு மில்லர்புரத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நேற்றைய குழம்பு அப்படியே இருக்கிறது.

ஜனவரி 20

அக்காதான் அவளை டாக்டரிடம் கூட்டி வந்தாள். என்னையும் வரச் சொன்னார்கள். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டாக்டர் செண்பகம் முதலில் பியூலாவிடம் மன்னிப்புக் கேட்டார். "உங்களுக்குச் சொல்லாம கொடுக்கச் சம்மதிச்சதுல எனக்கும் பங்கு இருக்கும்மா. சாப்பாட்டுல கலந்தாங்கன்னு நீங்க சொன்னது அக்டோபர்லேருந்து உண்மை. அதுக்கு முன்னால கேட்ட குரல் நோய். ரெண்டையும் நான் பிரிச்சுச் சொல்லணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

பியூலா என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"அந்த மருந்து குடிச்சப்ப எப்படி இருந்துச்சுன்னு யாரும் எங்கிட்ட கேக்கல டாக்டரம்மா. சீலா மீன் வச்சாவ. அது சீலா மீனுன்னு தெரியுது, மாங்கா புளிக்குது, எல்லாம் தெரியுது. சந்தோசம் மட்டும் வரல. அவ்வோ எதுக்க உக்காந்து என் வாயையே பாத்துட்டு இருந்தாவ. பொய்யா ஒரு சத்தம் கொடுத்துருவமான்னுகூட நெனச்சேன். முடியல. நான்தான் கெட்டுப்போயிட்டேன்னு நெனச்சு நெனச்சு அழுதேன்."

நான் ஆபீஸ் போன பிறகு அழுதிருப்பாள். எனக்குத் தெரியாது. நான் என் குழம்புக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். குறைந்த அளவில் ஆரம்பித்து, வாராவாரம் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஸ்ட்ரிப்பைப் பியூலா கையிலேயே கொடுத்து, "நீங்களே பிரிச்சு நீங்களே போட்டுக்கணும். எது பிடிக்கலன்னாலும் எங்கிட்ட சொல்லணும், நாம ரெண்டு பேரும் பேசி முடிவெடுப்போம்" என்றார். பியூலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இவ்வளவுதான். நவம்பரிலேயே இவ்வளவுதான். நான் வாயைத் திறந்திருந்தால் போதும்.

பிப்ரவரி 6

மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளாம். குரல் இல்லையாம். அக்கா வைத்த புட்டில் தேங்காய் பத்தவில்லை என்று லேசாகச் சொன்னாளாம். அக்கா போனில் இதைச் சொல்லிவிட்டு, என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நிறுத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 15

எனக்கு மட்டும் சமைக்கப் பிடிக்கவில்லை. பரோட்டாக் கடை.

மார்ச் 1

பியூலா வந்துவிட்டாள். அவளாகவே ஆட்டோ பிடித்து வந்தாள். அடுத்த வாரம் டூட்டியில் சேருகிறாளாம். நான் அடுப்படிக்குள் போகப் பார்த்தேன். "இருங்க" என்றாள். "இனிமே நான் பாத்துக்கிடுதேன்."

"உனக்குச் சமைக்கத் தெரியாதே."

"படிச்சுக்கிடுதேன்."

கோபம் இருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் கவுண்டரில் அந்நிய ஆளிடம் பேசுகிற குரல்.

மார்ச் 2

மதியம் சாளை மீன் குழம்பு வைத்தாள். அடிபிடித்த வாசனை தெருவரைக்கும் வந்தது. நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். மாத்திரையைப் பிரித்துத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஜெபம் அவள்தான் பண்ணினாள். நான் கண்ணை மூடவில்லை, அவளும் மூடவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தாள். இரண்டு கையையும் அவளுக்குத் தெரிகிற மாதிரி மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டேன்.

"ஆமென்" சொல்லிவிட்டு நான் தட்டில் கை வைக்கப் போனேன். "பொறுங்க" என்றாள். என் தட்டிலிருந்து அவள் ஒரு கவளம் பிசைந்து எடுத்தாள். எனக்கு ஊட்டுவாளோ என்று ஒரு நொடி நினைத்தேன், அப்படிப்பட்ட மடையன் நான். அவள் அதைத் தன் வாயில் போட்டு மென்றாள், விழுங்கினாள், நான் பார்த்துவிட்டேனா என்று பார்த்தாள்.

"ஒண்ணும் கலக்கல. பயப்படாம சாப்பிடுங்க" என்றாள்.

குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எங்கள் வீட்டில் இனி ஒருவருக்கொருவர் இப்படித்தான் பரிமாற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னாள்.

குழம்பில் உப்பே இல்லை. நாளெல்லாம் உப்புக் குவியலுக்கு நடுவில் வேலை பார்க்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? கேட்கவில்லை. அவள் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடிக்கும்வரைக்கும் தலை குனிந்து சாப்பிட்டேன்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"இன்னொரு துண்டு?"

"வை" என்றேன். வைத்தாள். சாப்பிட்டேன்.